என் லைனில் அண்ணி

ஜூன் 2, திங்கள்

இன்றிலிருந்து சட்டை லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். ஒரு மாதம் பார்ப்பார்களாம். சரிவரவில்லை என்றால் திரும்பவும் தையல் மெஷினுக்கே. எங்கள் தொழிற்சாலையில் தைப்பதெல்லாம் பெண்கள், கத்துவதெல்லாம் ஆண்கள். எனக்குக் கத்த வராது. அதோடு, அந்த லைனில் காலர் தைப்பது யார்? என் வீட்டுக்காரரின் அக்கா. ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு இங்கே வேலை வாங்கித் தந்தவரே அண்ணிதான். வீட்டில் அவர் கண்ணைக் காட்டினாலே நான் எழுந்து நிற்பேன்.

ஜூன் 4, புதன்

அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 6, வெள்ளி

லைனிலேயே வேகமான கை அண்ணியுடையது. இன்று வேண்டுமென்றே ஆமை வேகம். காலர் வராமல் மற்றவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிறார். வாய் தவறிக் கத்திவிட்டேன். "என்ன அண்ணி, தூக்கமா?"

அண்ணி தலையே நிமிரவில்லை. "வீட்டுல நான் அதட்டுறேன், இங்க நீ அதட்டு. சரியாப் போச்சு."

லைன் மொத்தமும் சிரித்தது. எனக்கு எங்காவது ஓடிப் போகலாம் போலிருந்தது.

ஜூன் 7, சனி

வீட்டுக்காரர் வேறு. "நீ ஏழு மணிக்கு மேல வந்தா உலை வைக்கிறது யாரு? பாவம், அக்காவா? பேசாம வேணாம்னு சொல்லிடு."

ஐந்தரைக்கே வந்து படுத்துக்கிடக்கிற மனுஷன் கேட்கிற கேள்வி! ஆத்திரமா வருது. ஆனா — சொல்லிடலாமா? நிம்மதியா தைச்சிட்டிருந்தேனே.

ஜூன் 8, ஞாயிறு

துணி காயப்போடும்போது கேட்டேவிட்டேன். "இது உங்களுக்கு வரவேண்டிய வேலை. அதானே அண்ணி கோபம்?"

ஈரப் போர்வையை இரண்டு தடவை உதறினார். "வந்துச்சு. நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. அப்பவும் உன் புருஷன் இதையேதான் கேட்டான், உலை வைக்கிறது யாருன்னு. தம்பி சொல்றானேன்னு நானும் வேணாம்னுட்டேன்."

எனக்கு இது தெரியவே தெரியாது. அழுகை வந்துவிட்டது. அண்ணி அழவில்லை.

"கோபம் உன் மேல இல்லடி. அந்தப் பழசைத்தான் உன்கிட்ட காட்டிட்டேன். வேணாம்னு மட்டும் சொல்லிப் பாரு, அப்புறம் தெரியும் என் கோபம். உலை வைக்க நான் ஆள் புடிச்சுத் தர்றேன்."

ஜூன் 9, திங்கள்

காலர் மலையாகக் குவிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "சத்தமே இல்லையே, சூப்பர்வைசர் லீவா?" என்று கேட்டார்.

"இங்கதான் சார் இருக்கேன்."

ஜூன் 30, திங்கள்

வேலையை உறுதி செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. அண்ணி நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் வீட்டுக்காரர் வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சியபடி.

"வாம்மா சூப்பர்வைசர்," என்றார் அண்ணி. "ஆளு புதுசு, கை கொஞ்சம் மெதுவு. கத்திடாத, பழகிடுவான்."