உன் வாயில் ஏறாத பல்

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய பல் அச்சுகளுக்கு நடுவே உன் கீழ்த்தாடை கையில் வந்தது. வெறும் பிளாஸ்டர்தான். ஆனாலும் அந்தக் கோணல் முன்பல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

பட்டாளத்திலிருந்து திரும்பி வத்திராயிருப்பில் மாந்தோப்பைக் கட்டி அழுதவன் நீ. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கிளினிக்குக்கு வருவதென்றால் மட்டும் உனக்குக் கசக்கும். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடித்து, மேலே செராமிக் உறை போடவேண்டும் என்றேன். "வலிதான் போயிருச்சே, பொறவு தொப்பி எதுக்குலே?" என்றாய். நரம்பு எடுத்த பல் வலிக்காது, ஆனால் குடைந்ததில் சுவர் மெலிந்திருக்கும், ஒரு சீடையைக் கடித்தால் பிளந்துவிடும் என்று சொன்னேன்.

"எம்புட்டு நாள் தாங்கும்?"

"நம்ம ரெண்டு பேரையும் தாண்டிரும்லே."

"அப்ப எனக்குப் பொறவு யாரைக் கடிக்குமாம்?" என்று சிரித்தாய்.

மாங்காய் இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டாய். ஒருவழியாக வந்து, பல்லைச் செதுக்கக் காட்டி, அச்சும் கொடுத்துவிட்டுப் போனாய். ராஜபாளையம் லேபிலிருந்து உறை வருவதற்குள் தோப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய். உன்னை எரித்த மறுநாள் காலையில் அது வந்தது. பஞ்சில் பொதிந்திருந்தது. உலகத்தில் வேறு எவனுக்கும் பொருந்தாது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். எலும்பு பொறுக்கிக் காடாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

உன் மனைவியிடம் காட்டினேன். உடைந்துபோவாள் என்று பயந்தேன். "இதையும் சேத்துருங்கண்ணே. அவிய முழுசாப் போகட்டும்" என்றாள்.

சுடுகாட்டில் பால் தெளித்து, உன் மகன் எலும்புகளைத் தலைமாடு கால்மாடு பார்த்து அடுக்கினான். பல்லை வைக்கக் குனிந்தேன். தாடை எது என்று தெரியவில்லை. காலமெல்லாம் தாடையைப் பார்த்தே பிழைத்த எனக்குத் தெரியவில்லை. உத்தேசமாக ஓர் இடத்தில் வைத்தேன். அப்போதுதான் அழுதேன்.

மறுபடி கிளினிக்கைத் திறந்த அன்று லேப்காரர் போன் செய்தார். அவருக்கு விவரம் தெரியாது. "சார், அந்தக் கடைவாய்ப் பல்லு சரியா உக்காந்துச்சா?"

"உக்காந்துருச்சு" என்றேன்.

அன்றிலிருந்து யாருக்கு உறை பொருத்தினாலும், "கடிச்சுப் பாருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லைடா. நர்ஸ்தான் சொல்கிறாள்.