காட்டுப் பயிற்சிக்கும் சேலை கட்டாயம் என்ற பணிப்பை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி இ. மங்களேஸ்வரி,
சுற்றாடல் பாட ஆசிரியை,
கறுவாமலைத் தோட்டத் தமிழ் வித்தியாலயம்,
உக்குவளை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
மாத்தளை மாவட்டம்.

விடயம்: எதிர்வரும் சனிக்கிழமை பல்லேகமக் காட்டுச் செயலமர்வுக்குச் செல்லும் ஆசிரியைகளின் பாதுகாப்பு

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த மாதம் பல்லேகமக் காட்டில் நடந்த வனசீவராசிகள் பயிற்சியில் நானும் கலந்துகொண்டேன். கடமை என்பதால் ஆசிரியைகள் சேலையில்தான் வரவேண்டும் என இணைப்பாளர் பணித்திருந்தார். நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் அணியட்டும் என்று வனப் பயிற்றுநர் கேட்டும் அவர் இசையவில்லை. ஆசிரியை ஆசிரியையாகத் தெரிய வேண்டுமாம். அங்கே எங்களைப் பார்க்க இருந்தவை குரங்குகள்தான்.

2. ஓடைக்கு அப்பால் குளவிக்கூடு கலைந்தது. பயிற்றுநர் ஓடச் சொன்னார். ஓடும்போது சக ஆசிரியை சிவநந்தினியின் சேலை பிரம்பு முள்ளில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. குளவிகள் அவரது தலையை மொய்த்தன. "அக்கா, என்னைய விட்டுட்டு ஓடுங்க" என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குளவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போன என் சித்தியை நாங்கள் அதற்குத்தான் பறிகொடுத்தோம். ஊக்குகளைப் பிய்த்து, அவரது சேலையை அவிழ்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆசிரியர் நுஹ்மான் தமது மழை அங்கியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்தப் பண்பை மறக்கமாட்டேன்.

3. சிவநந்தினி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிவிட்டார், பாடசாலைக்குத்தான் வரவில்லை. ஆண்கள் முன் அப்படி நின்றதை நினைத்து அழுகிறார். எனக்கோ, பொது இடத்தில் சக ஆசிரியையை அவமானப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுத் தங்கள் கடிதம் வந்திருக்கிறது. வாசித்து முடித்ததுமே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பயத்தால் அல்ல, கோபத்தால்.

4. சனிக்கிழமை அடுத்த குழு அதே பாதையில் போகிறது. அழைப்பிலும் அதே சேலை. முதற் குழுவில் சென்றவள் என்பதால் துணைக்கு என்னையும் போகச் சொல்லியிருக்கிறார்கள். உயிர் போனபின் சுற்றுநிருபம் அனுப்புவது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம். ஆகவே அதற்கு முன்னரே இப்பணிப்பை நீக்கி, எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

5. தாங்கள் கேட்ட விளக்கம்: சேலையை அவிழ்த்தது நான்தான். சனிக்கிழமை நான் காற்சட்டையில் வருவேன். மற்ற ஆசிரியைகளைச் சேலையில்தான் அனுப்புவீர்களாயின், என் பையில் கத்தரிக்கோலும் இருக்கும்.

சனிக்கிழமைக்குள் தங்கள் உத்தரவு வந்து சேரும் என நம்பும்,

இ. மங்களேஸ்வரி
(ஒப்பம்)

இடம்: உக்குவளை
திகதி: 09.09.2025