சர்வே கல்லுக்கு மஞ்சள்

மார்கழி 14, செவ்வாய். திண்ணனூர் நாடு, கூடாரம்.

இன்று சடையன் கொல்லையின் நடுவே சர்வே கல் நட்டோம். கல்லுக்குக் கீழ்ச்சரிவில் சாமை அறுத்த தாள் நிற்கிறது. அது அவனுக்குப் பட்டாவாகும். மேற்சரிவில் புதர் மண்டிக் கிடக்கிறது. உழாத நிலம் தரிசு, தரிசு சர்க்கார் ரிசர்வ் காட்டில் சேரும். சட்டம் அப்படி.

"மேக்கொல்லை சும்மா கெடக்கலீங்க. நாலஞ்சு வருசம் ஓயவிட்டுத்தானுங்க மறுபடி வெதைப்போம்" என்றான் சடையன்.

சர்வே துரை பக்கத்தில்தான் நின்றார். என்ன சொல்கிறான் என்று கேட்டார். "கும்பிடு சொல்கிறான்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் முதலிலிருந்து சங்கிலி பிடித்து அளக்கச் சொல்வார். எனக்குக் கால் வலி.

சாயங்காலம் அந்த வழியாக வந்தேன். சடையன் பெண்சாதி கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். கொல்லையைக் காக்கச் சர்க்கார் வைத்த சாமி என்று நினைத்துவிட்டாள்.

"ஏனுங்க, சாமி எந்தப் பக்கம் பாக்குதுங்க?" என்றாள். முகத்துக்கு நேரேதான் படையல் வைக்க வேண்டுமாம்.

"உங்க பக்கந்தாம்மா" என்றேன்.

நாளைக்குக் கல்லுக்குச் சேவல் அறுக்கிறார்கள். சாமியைக் கொண்டுவந்தவன் என்று முதல் இலை எனக்குத்தானாம்.