நன்மை அப்பமும் கோதுமைதான்

ஏப்ரல் 21, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில். மிளகாய் காயப்போட்டேன், சாம்பார்த் தூள் இனி வீட்டில்தான். பெருங்காய டப்பாவின் பொடி எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்தேன். அதிலும் கோதுமை மாவு. வயிறு சரியில்லாத நாளெல்லாம் ரசம் சோறு தின்றேனே, மருந்தென்று நினைத்து.

மார்ச் கணக்கை மறுபடி பார்த்தேன்.
3: ரவா உப்புமா. 20 நிமிடத்தில் உள்ளங்கை அரிப்பு, உதடு தடிப்பு.
5: ரசம். மூக்கொழுகல், வயிற்றுப் புரட்டல். (அன்று புரியவில்லை.)
8, ஞாயிறு: பூசை. வெறும் வயிறு, ஃபாதர் நாக்கில் வைக்கும் நன்மை அப்பம் மட்டும். 15 நிமிடத்தில் உதடு, பிறகு தொண்டை.

மூன்றாவதில்தான் பிடிபட்டது. அந்த அப்பம் தவிர வயிற்றில் வேறெதுவும் இல்லை. ரத்தம் சோதித்த டாக்டரம்மா, துளிகூடக் கூடாது, அடுத்த முறை மூச்சே அடைக்கலாம் என்றார். நன்மையைப் பற்றிக் கேட்டேன். பிஸ்கட் துண்டு மாதிரிதானே, விட்டுவிடுங்கள் என்றார். ஆண்டவரின் உடம்பு, பிஸ்கட்.

ஏப்ரல் 22, புதன்

தண்ணீர் வரவில்லை. துணி அப்படியே.

ஆறு ஞாயிறாக நன்மைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போகாதவள் பெரிய பாவத்தில் இருக்கிறாள் என்று இந்தத் தெலுங்கு ஊரில் மெட்டுகுடா முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா, ஃபாதரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குத் துணை வரவா என்று கேட்டாள். அன்பாம்.

அத்தை ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. "ஆண்டவரோட உடம்பு கூடவாடி உனக்கு ஒத்துக்கல?"

வரும் ஞாயிறு மகள் ஜெனிக்குப் புதுநன்மை. பிள்ளை முதல்முறை வாங்கும்போது அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று சேர்ந்து வாங்குவது வழக்கம். நான் மட்டும் கையைக் கட்டி நிற்க வேண்டுமா?

ஏப்ரல் 24, வெள்ளி

இவரோடு போய் ஃபாதரைப் பார்த்தேன். அரிசியில் அப்பம் செய்யக் கூடாதா என்றேன். கூடாதாம், கோதுமைதான் சட்டம். ஆண்டவர் அரக்கோணத்தில் பிறந்திருந்தால் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். மன்னியும் ஆண்டவரே.

ஆனால் வழி சொன்னார். கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் மட்டும் தருவார். "ரசத்துலயும் இயேசு முழுசாத்தாம்மா இருக்கார். பாதி இல்ல."

வரும் வழியில் அழுதேன். ஜெனிக்கு வெள்ளை ரிப்பன் 2, மெழுகுவர்த்தி 1.

ஏப்ரல் 26, ஞாயிறு (இரவு, ஆஸ்பத்திரியில் எழுதியது)

8.40 ஜெனி வாங்கினாள். அடுத்து நான், ரசம் ஒரு மிடறு.
8.50 உள்ளங்கை.
8.55 உதடு. இருக்காது என்று நினைத்தேன்.
9.05 போட்டோவுக்கு நிற்கும்போது தொண்டை அடைத்தது, குரல் போயிற்று.

ஆட்டோ. ஆஸ்பத்திரி. தொடையில் ஊசி.

கட்டிலில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நன்மை கொடுக்குமுன் ஃபாதர் அப்பத்தை உடைத்து ஒரு துணுக்கைக் கிண்ணத்துக்குள் போடுவார். எல்லாப் பூசையிலும். முப்பது வருடமாக முழங்காலில் நின்று பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சோப்புவரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான்.

ஏப்ரல் 27, திங்கள்

மதியம் வீட்டுக்கு வந்தேன். கஞ்சி மட்டும். குரல் தேறவில்லை.

படியில் பிலோமினா அக்கா அத்தையிடம்: "பாவத்தோட வாங்கினா இப்படித்தான் ஆகும்னு வேதத்துலயே இருக்குதே."

அத்தை கேட்டுவிட்டு உள்ளே வந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஃபாதர் போனில் மிகவும் வருந்தினார். அடுத்த முறை துணுக்குப் போடாத தனிக் கிண்ணம் என்றார். இவர் போனைப் பிடுங்கி, வேண்டாம் ஃபாதர் என்று வைத்துவிட்டார். பிறகு ஜெனி தலையில் என் கையை வைத்து, இனி அங்கே எதுவும் வாங்குவதில்லை என்று சத்தியம் வாங்கினார். நன்மைக்கு எதிராகப் பிள்ளைமேல் சத்தியம். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல?

மே 3, ஞாயிறு

லேசாகத் தூறியது. பூசைக்குப் போனோம்.

நன்மை நேரம். முழங்காலை ஒதுக்கி வரிசைக்கு வழிவிட்டேன். இவர் போனார், அத்தை போனார். ஜெனி எழவில்லை. "நேனு வெள்ளனு மம்மி, நீதோனே உண்டா." போகமாட்டாளாம், என்னோடே இருப்பாளாம்.

ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதுதான் பாவம்.

போ என்று அவள் தொடையில் அழுத்திக் கிள்ளினேன். அழுதுகொண்டே போய் வாங்கினாள். பின்வரிசையில் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.