கண்ணுக்குள் பசை இல்லை

ஆவணி 3
காலையிலிருந்தே மேல்காற்று, புழுதி. நேற்று இடது கண்ணில் கரும்புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டு. இன்று மூக்குப் பக்கம் கீழிருந்து கறுப்புத் திரை ஏறுகிறது. இன்ஸ்டிடியூட்டில் மாலை டைப் வகுப்பை நடத்தி முடித்தேன். விரலுக்குக் கண் வேண்டாம், பிழை திருத்தத்தான் வேண்டும்.

மதினி கோயில் புற்றுமண் குழைத்து வந்தாள். நெற்றியில் பூசிக்கொண்டேன். கண்ணில் விடவில்லை. அண்ணனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை லோடு. வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டுமாம். தனியாக மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகக் கூடாதாம்.

நாளை முதல் பஸ்.

ஆவணி 4, மதுரை
அண்ணனிடம் கேட்காமல் மதினியும் பஸ் ஏறிவிட்டாள்!

டாக்டரம்மா என்னைவிட இளையவள். விழித்திரையில் கிழிசல், மேல்புறம் உரிந்துவிட்டது. நடுப்பகுதி இன்னும் உரியவில்லை. எதை வைத்து ஒட்டியிருந்தது என்று கேட்டேன். பசையே இல்லையாம். பின்னால் உள்ள படலம் ஓயாமல் நீரை உறிஞ்சுகிறது. பெரும்பாலும் அந்த இழுப்பில்தான் விழித்திரை நிற்கிறது. கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்தால் உரிந்துவிடும். நாற்பத்தொரு வருஷமாக வெறும் இழுப்பில்!

வெள்ளிக்கிழமை வந்திருந்தால்?

"நடுப்பகுதியும் போயிருக்கும். அப்புறம் ஒட்ட வச்சாலும் எழுத்து பழையபடி தெரியாதும்மா."

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து நானே போட்டேன். சாட்சி மதினி.

ஆவணி 14
இன்றுதான் எழுத விட்டார்கள். கிழிசலைச் சுற்றிக் குளிரால் உறைய வைத்து, கண்ணுக்கு வெளியே சிலிக்கான் துண்டு தைத்து அமுக்கியிருக்கிறார்கள். ஏழு நாள் இரண்டு கண்ணும் கட்டு, தலைக்கு இருபுறமும் மணல்பை. சோறு ஊட்டியது, துடைத்துவிட்டது எல்லாம் மதினி. ஒருநாள் அழுதேன். கண் நனையக் கூடாதென்று அதட்டினாள்.

கட்டோடு கிடந்தபோது அண்ணன் வந்தான். முதலில் கோபம். பிறகு, டைப் மெஷின்களை விலைக்குக் கேட்டுச் சுரண்டையிலிருந்து ஆள் வந்ததாகவும், சரி என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். முகம் தெரியாததால் பேசுவது சுலபமாக இருந்தது.

"விக்கணும்னா ஒன் கமிஷன் கடைய வித்துக்கோ. என் மெஷின்ல கை வைக்காத."

செருப்புச் சத்தம் வெளியே போனது.

ஆவணி 23, வீடு
கறுப்புத் திரை போய்விட்டது. மங்கல் உண்டு, தெளிய மாதங்கள் ஆகுமாம். செய்தித்தாள் தலைப்பு படித்தேன், இடது கண்ணால் மட்டும். மூன்று தடவை.

வாங்க: ரிப்பன் 2, கார்பன், மெஷின் எண்ணெய்.

அண்ணன் ஆறு மாதம் ஓய்வு என்கிறான். டாக்டரம்மா சொன்னது கனம் தூக்காதே, குனியாதே. அவ்வளவுதான்.

நாலு மணிக்கு இன்ஸ்டிடியூட்டைத் திறந்தேன். பரீட்சைக்குப் போகிற பதினோரு பேரும் வாசலில். பனவடலிசத்திரத்துப் பெண் தயங்கித் தயங்கி, "டீச்சர், மூடப் போறதா சொன்னாவளே" என்றாள்.

"யாரு சொன்னாவ? உள்ள வந்து பேப்பர மாட்டு."