சக்கரமில்லாத விமானம்

முருகன் துணை

கொண்டாப்பூர், ஹைதராபாத்
14.10.2007

என் கண்ணே சௌம்யா,

அப்பாவும் நானும் சுகம். ஹாலந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்ற நினைப்புதான் எந்நேரமும்.

பிரசவத்துக்கு வா என்று நீ கூப்பிட்டபோது, விமானம் ஏறப் பயம், வரமாட்டேன் என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. பேகம்பேட்டில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் உன் சிநேகிதன் கிரியிடம் சொல்லி, அங்குள்ள போலி விமானத்தில் என்னை உட்காரவைக்க ஏற்பாடு செய்தாய். செவ்வாய்க்கிழமை போய் வந்தேன்.

புது வண்டியாயிற்றே, சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம் என்று எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். குனிந்து குனிந்து தேடினேன். கிரி விழுந்து விழுந்து சிரித்தான். "நக்கோ ஆன்ட்டி, தேடாதீங்க. இதுக்குச் சக்கரமே கிடையாது, ஆறு கால்லதான் நிக்குது" என்றான். பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கிளம்பியதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றேன். ஒன்றுமே ஆகவில்லை. நாற்காலியை யாரோ பின்னால் சாய்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். "கண்ணை மூடிக்கிட்டா பொட்டி சாயுறது மட்டும்தான் தெரியும். உங்க பொண்ணு ஆராய்ச்சியே அதுதானே ஆன்ட்டி? கண்ணும் பாக்கணும், உடம்பும் சாயணும். ரெண்டும் ஒத்துப்போனாதான் பறக்குறோம்னு மனசு நம்பும்" என்றான்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து எதிரே இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுபாதை என் மேல் பாய்ந்து வந்தது. அதே சாய்வுதான், ஆனால் முதுகை யாரோ பிடித்து இருக்கையோடு அழுத்தினார்கள். ஹுசைன் சாகர் ஏரி கையகலமாகச் சுருங்கியது. கிரியின் சட்டையைக் கசக்கிவிட்டேன். இறங்கியதும் தலை சுற்றியது. அந்தப் பழங்களையே பிழிந்து அவன் ஜூஸ் போட்டுக் கொடுத்தான். வீட்டுக் கணக்கு நோட்டில் எலுமிச்சம்பழத்துக்கு எதிரே 'பூஜைக்கு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'வயிற்றுக்கு' என்று மாற்றினேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. ஆனால் திரும்பும்போது ஆட்டோவில் ஒன்று தோன்றியது. போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். சரி என்று வைத்துவிடுகிறேன். மனசுதான் நம்புவதில்லை. காது மட்டும்தானே கேட்கிறது, கண் பார்க்கவில்லையே.

விசாவுக்கு எழுதிப் போடச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணை மூட மாட்டேன்.

முருகன் உங்கள் இருவரையும், தப்பு, மூவரையும் காக்கட்டும். ஈரத் தரையில் பார்த்து நட. விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்தால் போதும், நீ அலையாதே. வாசல் கதவை மட்டும் நீயே வந்து திற.

உன்
அம்மா