ஓட்டை இலைச் செடி

ஜூலை 28

இவர் அரக்கோணம் நர்சரியிலிருந்து ஒரு தொட்டியை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மான்ஸ்டெராவாம். பூக்காது, காய்க்காது, இலை முழுக்க ஓட்டை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவருக்கு வேறு வேலை என்ன?

ஆகஸ்ட் 5

காலையில் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறார். "அது மூச்சு விடணும்ல புவனா" என்கிறார். இருபத்தெட்டு வருஷமாக அடுப்படியில் நான் மூச்சு விடுகிறேனா என்று ஒருநாள் கேட்டதுண்டா? வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 11

புது இலையாம். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

ஆகஸ்ட் 15

நாளை ஆடிக் கிருத்திகை. அக்கா வீட்டுக்காரர் விஜயன் பாவா நகரியிலிருந்து காவடியோடு வந்துவிட்டார். இவர் சாமந்தி வாங்கப் போயிருந்த நேரம். பாவா செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா அம்சமா கீது! ஓட்டையிலயே பூவ சொருவிகினு போலாம். எடுத்துக்கட்டா?"

"தாராளமா புடுங்கிக்குங்க பாவா. முருகனுக்காவது உதவட்டும்."

நான்தான் சொன்னேன். வேரோடு பிடுங்கி, நறுக்கி, காவடியில் கட்டிவிட்டார்.

இவர் வந்தார். வெறும் தொட்டியையும் காவடியையும் பார்த்தார். "நீதான் சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். பூப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 18

மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. ஒரு செடிக்கு இத்தனை துக்கமா? நான் செத்தால்கூட இவ்வளவு இருக்காது. அட, திட்டியாவது தொலையேன்யா! இப்படியே இருந்துடுவியா — பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

பாவா காவடி செலுத்திய முருகன் மலைக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல. காவடிப் பூக்களைக் கொட்டியிருந்த குவியலை, இந்த ஐம்பத்தொரு வயசில், இரண்டு கையாலும் கிளறினேன். பெருக்குகிற குப்பம்மாள், "தாலி கீலி தொலச்சிட்டியாம்மா?" என்றாள்.

ஆங் என்றேன். வேறு என்ன சொல்வது?

கணுவோடு ஒரு தண்டு பச்சையாகக் கிடைத்தது. கணு இருந்தால் தண்ணீரிலேயே வேர் விடும் என்று இவர் ஓதியது காதில் விழுந்துதான் இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஆகஸ்ட் 27

வேர் ஒன்றும் காணோம். சனியன்.

செப்டம்பர் 6

வெள்ளையாக ஒரு வேர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி மாத்தினியா?"

இருபத்திரண்டு நாள் கழித்து வாயைத் திறந்தார், அதுவும் செடிக்காக. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை உண்டா? நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். அழுகைதான் வந்தது.